மலை ஏரியை எண்ணெய் வண்ணத்தில் தீட்டுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

மலையும் ஏரியும் சேர்ந்த காட்சியை வரைய உட்காருபவர்களில் பெரும்பாலோர் நேரத்தையெல்லாம் மலைக்கே கொடுத்துவிடுகிறார்கள். பாறையின் ஒவ்வொரு மடிப்பும் ஒவ்வொரு பனிக்கீற்றும் கவனமாக வருகின்றன. ஏரிக்கு வந்து சேரும்போது கை ஓய்ந்திருக்கும். மேலே இருப்பதைத் தலைகீழாகக் கவிழ்த்து, குறுக்கே நாலு வெள்ளைக் கோடு இழுத்து முடித்துவிடுகிறார்கள். குறை சொல்ல எதுவும் இருக்காது. ஆனால் காலண்டர் தாளில் பார்த்த படம் போலவே இருக்கும்.

உணர்ச்சியுள்ள படம் வேண்டுமென்றால், தூரிகையைத் தொடும் முன்பே மூன்று விஷயங்களை முடிவு செய்துகொள்ள வேண்டும்: எது வெளிச்சம், எது இருள், எதை விட்டுவிடப் போகிறோம். வண்ணத்தை அள்ளி அப்புவதும் தூரிகையை வீசி இழுப்பதும் அதற்குப் பிறகுதான். டோன், அதாவது ஒரு நிறம் எவ்வளவு வெளிச்சமாக அல்லது இருட்டாக இருக்கிறது என்பது, சரியாக அமைந்துவிட்டால் மலையை ஊதாவிலும் வானத்தை ஆரஞ்சிலும் தீட்டலாம். பார்ப்பவர் அதை ஏரி என்றே நம்புவார். டோன் தவறினால் அச்சு அசலான நீலம்கூடக் காப்பாற்றாது. கீழே வரும் எல்லாப் படிகளுக்கும் இதுதான் அடிப்படை.

பொருட்கள்

தொடக்கத்துக்கு 30 × 40 செ.மீ. கேன்வாஸ் அல்லது கேன்வாஸ் ஒட்டிய பலகை போதும். வண்ணம் பிடிப்பதற்கான வெள்ளை அடிப்பூச்சான ஜெஸ்ஸோவைப் பூசியே விற்கிறார்கள். வெறும் பலகை என்றால் இரண்டு கோட் ஜெஸ்ஸோ அடித்துக் காயவிடுங்கள்.

வண்ணங்கள் எட்டு: டைட்டானியம் வொயிட், கேட்மியம் யெல்லோ லைட், யெல்லோ ஆக்கர், கேட்மியம் ரெட், அலிசரின் கிரிம்சன், அல்ட்ராமரைன் புளூ, தாலோ புளூ, பர்ன்ட் சியன்னா. அலிசரினில் ‘பெர்மனன்ட்’ என்று போட்டிருப்பதையே வாங்குங்கள். பழைய வகை மெல்லிய பூச்சில் வெளிச்சம் பட்டு வெளுத்துவிடும். கறுப்பு ட்யூப் வேண்டாம். அல்ட்ராமரைனும் பர்ன்ட் சியன்னாவும் சேர்ந்தால் உயிருள்ள ஓர் இருள் கிடைக்கும். நீலத்தைக் கூட்டினால் குளிர்ச்சி, சியன்னாவைக் கூட்டினால் வெப்பம் என்று அதைத் திருப்பிக்கொள்ளலாம். பச்சை ட்யூபும் தேவையில்லை. கடையில் கிடைக்கும் பச்சையை அப்படியே மரத்தில் வைத்தால் படத்தில் அது மட்டும் தனியாகக் கத்தும்.

பன்றிமயிர்த் தட்டைத் தூரிகை இரண்டு (ஒன்று 25 மி.மீ., ஒன்று 12 மி.மீ. அகலம்), முனை உருண்ட ஃபில்பர்ட் ஒன்று, மென்மையான அகலத் தூரிகை ஒன்று, கரண்டி போல வளைந்த கழுத்துள்ள பேலட் கத்தி (பேலட் என்பது வண்ணம் கலக்கும் தட்டு) ஒன்று. மெல்லிய நுனித் தூரிகையைக் கடைசி அரைமணி நேரம் வரை மேசை இழுப்பறையிலேயே வைத்திருங்கள். கையில் இருந்தால் எடுத்துவிடுவோம். எடுத்தால் ஊசியிலைகளை எண்ண ஆரம்பித்துவிடுவோம்.

வண்ணத்தைக் கரைக்க வாசனையற்ற மினரல் ஸ்பிரிட்டோ டர்பன்டைனோ எதுவானாலும் ஜன்னலைத் திறந்துவைத்து வேலை செய்யுங்கள். எண்ணெய் வண்ணத்தில் இருக்கும் ஆளிவிதை எண்ணெய் நனைந்த துணியைக் கசக்கிக் குப்பைத்தொட்டியில் போடக் கூடாது. அந்த எண்ணெய் காய்வது காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு வினைபுரிந்துதான். அந்த வினையில் வெப்பம் பிறக்கும். சுருட்டிய துணிக்குள் வெப்பம் வெளியேற வழியில்லாமல் தானாகத் தீப்பிடித்த சம்பவங்கள் உண்டு. துணியை விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீர் ஊற்றிய மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள்.

தளத்துக்கு நிறம்

வெள்ளைக் கேன்வாஸில் எதை வைத்தாலும் இருட்டாகத் தெரியும். அதனால் டோனைத் தப்பாகக் கணிப்போம். பர்ன்ட் சியன்னாவை ஸ்பிரிட்டில் நன்றாகக் கரைத்து முழுப் பரப்பிலும் தேய்த்து, துணியால் துடைத்துவிடுங்கள். நடுத்தர டோனில் ஓர் ஆரஞ்சுப் பழுப்பு நிற்க வேண்டும். ஒரு நாள் காயட்டும். அவசரமென்றால் இதே வேலையைத் தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வண்ணத்தில் செய்யலாம், சீக்கிரம் காய்ந்துவிடும். அக்ரிலிக் மேல் எண்ணெய் வண்ணம் பிடிக்கும். எண்ணெய் மேல் அக்ரிலிக் பிடிக்காது.

இந்தப் பழுப்பை முழுதாக மூடிவிட வேண்டாம். ஏரியும் வானமும் பெரும்பாலும் நீலம். நீலத் தீற்றல்களுக்கு நடுவே ஆங்காங்கே எட்டிப்பார்க்கும் ஆரஞ்சு அந்த நீலத்தைத் தூக்கிக்கொடுக்கும். கட்டற்ற தீட்டலின் அழகில் பாதி, மூடாமல் விட்ட இடங்களில்தான் இருக்கிறது.

ஒரு சொல், மூன்று டோன்

இந்தப் படிக்கு நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். படத்தில் என்ன உணர்வு வர வேண்டும் என்பதை ஒரே சொல்லில் ஒரு தாளில் எழுதுங்கள். ‘அமைதி’ என்று எழுதினால் பயனில்லை. ஏரிப் படம் என்றாலே எல்லோரும் எழுதுவது அதுதான். ‘காத்திருப்பு’, ‘விடியல் நடுக்கம்’, ‘மழை ஓய்ந்த பிறகு’ என்பது மாதிரி குறிப்பாக எழுதுங்கள்.

இனி அந்தச் சொல்லைத் தூரிகைக்குப் புரியும் மொழிக்கு மாற்ற வேண்டும். விடியல் நடுக்கம் என்றால் டோன்களின் இடைவெளி குறுகல்: மிக இருண்டதுகூட நடுச் சாம்பல்தான், விளிம்புகள் கரைந்திருக்கும், வெதுவெதுப்பான நிறம் ஒரே ஒரு இடத்தில். புயலுக்கு முந்தைய நேரம் என்றால் இருளும் வெளிச்சமும் நேருக்கு நேர் மோதும்; வானம் மலையைவிடக் கறுத்து, ஏரியின் ஓரிடத்தில் மட்டும் வெள்ளி வெளிச்சம். மழை ஓய்ந்ததென்றால் தொலைவு மங்கி, பக்கத்தில் இருப்பது மட்டும் அடர்ந்து, ஈரமாக, தெளிவாக நிற்கும். இப்படி எழுதி வைத்துக்கொண்டால் நடுவில் ‘இந்த இடத்தில் என்ன நிறம்?’ என்று தடுமாறும் கணத்தில் தாளைப் பார்த்தால் போதும்.

அடுத்து, 6 × 8 செ.மீ. கட்டங்கள் நாலைந்து வரைந்து, பென்சிலால் மூன்றே டோனில் நிரப்புங்கள்: தாளின் வெள்ளை, நடுச் சாம்பல், அழுத்தமான இருள். மூன்றும் சம அளவில் இருந்தால் படம் தூங்கும். ஒன்று பெரும்பகுதியை ஆளட்டும், இன்னொன்று துணை நிற்கட்டும், மூன்றாவது சிட்டிகையளவு இருக்கட்டும். கட்டத்தைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துப் பார்க்கும்போதே ஏதோ இழுக்க வேண்டும். இழுக்காததைக் கேன்வாஸில் பெரிதாக்கினாலும் இழுக்காது.

நீர்க்கோடு, அதாவது ஏரி மறுகரையைத் தொடும் கோடு, எங்கே வர வேண்டும்? மேல் மூன்றில் ஒரு பங்கில் வைத்தால் படம் ஏரியைப் பற்றியது; கீழ் மூன்றில் ஒரு பங்கில் வைத்தால் மலையைப் பற்றியது. நட்ட நடுவில் வைக்காதே என்பது பொது அறிவுரை. சுவிஸ் ஓவியர் ஃபெர்டினாண்ட் ஹோட்லர் (1853–1918) அதைச் சட்டை செய்யவில்லை. தூன் ஏரியைத் தீட்டியபோது மலையையும் அதன் பிம்பத்தையும் ஏறக்குறைய சமச்சீராக அமைத்து, அந்தச் சமச்சீரையே படத்தின் பொருளாக்கினார். நடுவில் வைப்பதென்றால் அவரைப்போல முழு மனதோடு வையுங்கள். தற்செயலாக நடுவில் விழுந்த கோடு அப்படித் தெரியாது.

விட்டுவிடுவதைக் கற்க கனடாவின் இரண்டு ஓவியர்களைப் பாருங்கள். லாரன் ஹாரிஸ் (1885–1970) 1920களில் ராக்கி மலைகளுக்குப் போய், சிகரங்களைச் சில பெரிய தளங்களாகச் சுருக்கினார். டாம் தாம்ஸன் (1877–1917) ஏரிக்கரைகளில் உட்கார்ந்து, ஏறத்தாழ 21 × 27 செ.மீ. மரப்பலகைகளில் எண்ணெய் ஸ்கெட்ச் போட்டார். அவ்வளவு சிறிய பலகையில் அகலத் தூரிகை பிடித்தால் இலையை எண்ண இடமே கிடையாது.

புகைப்படத்தைப் பார்த்து வரைபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கேமரா நிழலைக் கறுப்பாக அடைத்துவிடும், பனியை வெறும் வெள்ளையாக வெளுத்துவிடும். இரண்டு இடத்திலும் கண்ணுக்குத் தெரிந்த நிறங்கள் அதில் இல்லை. அந்த இடங்களை உங்கள் சொல்லை வைத்து நிரப்புங்கள்.

நிறக் குவியல்கள்

கேன்வாஸைத் தொடும் முன் பேலட்டில் கத்தியால் எட்டு ஒன்பது குவியல் கலந்து வையுங்கள்: வானத்தின் உச்சி, வானத்தின் அடி, தூர மலையின் வெளிச்சமும் நிழலும், கிட்ட மலையின் வெளிச்சமும் நிழலும், காட்டின் இருள், பனி வெளிச்சம், பனி நிழல். ஒவ்வொன்றும் பெரிய நெல்லிக்காய் அளவு இருக்கட்டும். பாதியில் தீர்ந்தால் அதே நிறத்தை மறுபடி பிடிக்க முடியாது. கை தயங்கும், தயக்கம் தீற்றலில் தெரியும்.

தூர மலை ஏன் நீலமாகத் தெரிகிறது என்பது தெரிந்தால் கலப்பது எளிது. நமக்கும் மலைக்கும் இடையில் இருக்கும் காற்று நீல ஒளியை அதிகம் சிதறடிக்கிறது. அந்த நீலம் இருண்ட பகுதிகளின் மேல் திரைபோல் விழுகிறது. ஆகவே தொலைவு கூடக் கூட முதலில் வெளுத்து நீலமாவது நிழல்தான். தூரப் பனியோ மெல்ல வெதுவெதுப்பான மஞ்சள் சாயலுக்குப் போகும். தூர மலையின் நிழலுக்கு வெள்ளை நிறைய, அல்ட்ராமரைன் கொஞ்சம், அலிசரின் துளி, பளபளப்பை அடக்க பர்ன்ட் சியன்னா துளி. கிட்ட வர வர வெள்ளையைக் குறைத்துச் சியன்னாவைக் கூட்டுங்கள்.

டோன் வரிசைக்கு அமெரிக்க நிலக்காட்சி ஓவியர் ஜான் கார்ல்சன் சொன்ன கணக்கு கைகொடுக்கும்: வானம் மிக வெளிச்சம், வானத்தைப் பார்த்துப் படுத்திருக்கும் தரை அடுத்து, சரிவுகள் அதற்கடுத்து, செங்குத்தாக நிற்கும் மரங்கள் எல்லாவற்றிலும் இருட்டு. பனியும் நீரும் இந்தக் கணக்கை மீறும். பனி தன் வெண்மையால், நீர் பிறர் டோனைக் கடன் வாங்குவதால்.

தாலோ புளூவைத் தொடும்போது மட்டும் கஞ்சத்தனம் வேண்டும். கடுகளவு போதும், கூடினால் பேலட் முழுக்க அதுவே பேசும்.

தீட்டத் தொடங்குதல்

பர்ன்ட் சியன்னாவை ஸ்பிரிட்டில் கரைத்து, 12 மி.மீ. தூரிகையால் பெரிய வடிவங்களை மட்டும் குறியுங்கள். மறுகரைக் கோட்டை கேன்வாஸின் கீழ் விளிம்பிலிருந்து இரண்டு பக்கமும் அளந்து சரிபாருங்கள். அரை சென்டிமீட்டர் சாய்ந்தாலும் ஏரி கவிழ்ந்து தண்ணீர் கொட்டுவதுபோல் இருக்கும். மறுகரையைக் கிண்ணம்போல் வளைப்பதும் வேண்டாம். கரையில் வளைவுகள் இருந்தாலும் நின்று பார்க்கும் உயரத்திலிருந்து அவை மிகவும் தட்டையாகவே தெரியும்.

அடுத்து இருள். கரையோரக் காட்டையும் நீரில் அதன் பிம்பத்தையும் ஒரே வடிவமாக, ஒரே கலவையில், மெல்லியதாகப் பூசுங்கள். இரண்டையும் பிரிக்கும் கோடு இப்போது தேவையில்லை. இப்படி ஆரம்பித்தால் மேலும் கீழும் தனித்தனியாகப் பிரிந்து நிற்காது.

வானத்துக்கு அகலத் தூரிகை. மேலே அடர்ந்த நீலம், கீழே வர வர வெளுத்துச் சற்று வெதுவெதுப்பு. குறுக்கும் நெடுக்குமாகத் தீட்டுங்கள், சீராகத் தேய்த்து மெழுகாதீர்கள். தூரிகையில் மிச்சமிருக்கும் வான நிறத்தை அப்போதே ஏரியிலும் இரண்டு மூன்று இடத்தில் வைத்துவிடுங்கள்.

மலைகளைத் தூரத்திலிருந்து கிட்டத்துக்குத் தீட்டுங்கள். தீற்றல், சரிவு இறங்கும் திசையிலேயே போகட்டும். பாறையின் எடையைக் கை தானாகவே சொல்லிவிடும். சிகர விளிம்பு முழுவதும் கத்தி வெட்டாக இருந்தால் மலை வானத்தில் ஒட்டிய தாளாகிவிடும். ஓரிடத்தில் கூர்மை, ஓரிடத்தில் வானத்தோடு கரைதல், மற்ற இடங்களில் இடைப்பட்ட நிலை. கூர்மை எங்கே என்பதை உங்கள் சொல் முடிவு செய்யட்டும். கண் முதலில் போவது அங்கேதான்.

அடுக்குகளுக்கான விதி பழையது: கீழே எண்ணெய் குறைவு, மேலே எண்ணெய் அதிகம். எண்ணெய் மிகுந்த அடுக்கு மெதுவாகக் காய்ந்து, காயும்போது அசையும். அதன் மேல் சீக்கிரம் காயும் அடுக்கு இருந்தால் வெடிப்பு விடும். ஒரே அமர்வில் ஈரத்தின் மேல் ஈரமாக முடிப்பவர்கள் இதைப் பற்றி அவ்வளவு கவலைப்பட வேண்டாம்.

நீர்

பிம்பம் என்பது தலைகீழ் நகல் அல்ல. நீர்மட்டத்துக்குக் கீழே ஒரு கண் இருந்து மேலே பார்த்தால் என்ன தெரியுமோ அதுதான் பிம்பத்தில் தெரியும். கரையில் உயர்ந்த மரங்களும் அவற்றின் பின்னால் தொலைவில் ஒரு சிகரமும் இருந்தால், மேலே தெரிவதைவிட நீரில் மரங்கள் சிகரத்தை அதிகம் மறைக்கும். சில சமயம் சிகரமே காணாமல் போகும். படத்தை மடித்து ஒற்றியெடுத்ததுபோல் வரைபவர்கள் தவறவிடுவது இதைத்தான்.

பிம்பம் எப்போதும் பொருளுக்கு நேர் கீழே, நம்மை நோக்கியே விழும். சூரியன் எங்கே இருந்தாலும் அது சாயாது. சாய்வது நிழல், நிழலும் கலங்கிய நீரில்தான் தெளிவாகத் தெரியும்.

டோனில் ஒரு கை விதி: இருண்ட பொருளின் பிம்பம் சற்று வெளுத்திருக்கும், வெளிச்சமான பொருளின் பிம்பம் சற்று இருண்டிருக்கும். ஆகவே ஏரிக்குள் இருக்கும் பனி, மலைமேல் இருக்கும் பனியைவிட ஒரு படி மங்கலாக வேண்டும். இதை ஒன்று செய்தாலே நீர் ஈரமாகத் தெரியத் தொடங்கும்.

காலடியில் தெரியும் நீரும் தூரத்து நீரும் வேறு வேறு. நேர் கீழே குனிந்து பார்க்கும்போது நீர் சுமார் 2 சதவீத ஒளியைத்தான் திருப்பி அனுப்புகிறது. அதனால் அடியிலுள்ள கற்கள் தெரிகின்றன. பார்வை சாயச் சாய அந்த அளவு ஏறி, மறுகரைப் பக்கம் நீர் கிட்டத்தட்ட முழுக் கண்ணாடியாகிவிடும். படத்தின் கீழ் விளிம்பில் யெல்லோ ஆக்கரும் சியன்னாவும் கலந்த அடிமட்ட நிறம், மேலே போகப் போக வானமும் மலையும். இந்த மாற்றம் இருந்தால் ஏரிக்கு ஆழமும் தூரமும் சேர்ந்தே கிடைக்கும்.

இனி தீட்டும் விதம். தட்டைத் தூரிகையில் மலைநிழல் கலவையைத் தாராளமாக எடுத்து, நீர்க்கோட்டிலிருந்து கீழே செங்குத்தாக இழுங்கள். பக்கத்தில் பனி பிம்பம், அதையும் செங்குத்தாக. தூரிகையை ஒவ்வொரு இழுப்புக்கும் துணியில் துடையுங்கள். எல்லா நிறமும் ஈரமாக நிற்கும்போது, சுத்தமான, உலர்ந்த, மென்மையான தூரிகையை இறகு படுவதுபோல் இடமிருந்து வலமாக ஒருமுறை ஓட்டுங்கள். செங்குத்துக் கோடுகள் லேசாகக் குலையும். நீரின் பரப்பு வந்து உட்காரும். உடனே நிறுத்துங்கள். ‘இன்னும் ஒருமுறை’ என்று மூன்றாவது தடவை ஓட்டினால் எல்லாம் சாம்பல் குழம்பாகிவிடும்.

காற்றுபட்ட இடம் வானத்தின் மேற்பகுதியைக் காட்டுவதால், இருண்ட பிம்பத்தின் குறுக்கே வெளிர்ப் பட்டையாகத் தெரியும். தூரத்தில் நூலிழை, கிட்டத்தில் அகலம், நுனிகள் கரைந்திருக்கட்டும். இரண்டு மூன்றுக்கு மேல் வேண்டாம். மறுகரையில் நீர் தொடும் இடத்தில் கத்தியின் ஓரத்தில் வெளிர் நிறத்தைத் தொட்டு, விட்டு விட்டு ஒற்றுங்கள். தொடர்ந்த கோடாக இழுத்தால் நீர் கரையிலிருந்து பெயர்ந்து நிற்கும்.

பனியாற்று நீர் இறங்கும் ஏரிகளில் ஒரு பால்கலந்த பசுநீலம் உண்டு. பனியாறு அரைத்த பாறைத் தூள் நீரில் மிதந்து ஒளியைச் சிதறடிப்பதால் வருவது அது. தாலோ புளூ, துளி கேட்மியம் யெல்லோ, வெள்ளை, அடக்குவதற்கு ஊசிமுனை கேட்மியம் ரெட். சுற்றிலும் மங்கிய சாம்பல்கள் இருந்தால்தான் அது ஒளிரும். மலையிலும் வானத்திலும் அதே நிறத்தைத் தெளித்தால் எங்கேயும் ஒளிராது.

கத்தியும் பனியும்

வெயில்பட்ட பனி வெறும் டைட்டானியம் வொயிட் இல்லை. யெல்லோ ஆக்கர் துளி சேர வேண்டும். பனி நிழலுக்கு வெள்ளை, அல்ட்ராமரைன், துளி அலிசரின். நீங்கள் நினைப்பதைவிட ஒரு படி அடர்த்தியாகக் கலந்தால் சரியாக இருக்கும். கத்தியின் அடியில் கலவையை வரப்புபோல் ஏற்றி, மலையின் மேல் தட்டையாக வைத்து, அழுத்தாமல் சரிவில் இழுங்கள். கீழேயுள்ள ஈரப் பாறை நிறம் ஆங்காங்கே வண்ணத்தைப் பிடித்து உடைக்கும். அந்த உடைசலே பாறை. ஓர் இழுப்பு பிடிக்கவில்லையென்றால் அதன் மேல் திருத்தாதீர்கள். சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக வையுங்கள். மிகத் தடித்த வெள்ளைக்கு ஒரே ஒரு இடம் ஒதுக்குங்கள்.

முன்புறக் கற்களும் புற்களும் இரண்டு மூன்று குறிப்புகள் போதும். இப்போது மெல்லிய தூரிகையை எடுக்கலாம், ஒரு காய்ந்த கிளைக்கு.

எப்போது நிறுத்துவது

கண்ணைச் சுருக்கிப் பாருங்கள், முகம் பார்க்கும் கண்ணாடியில் படத்தைப் பாருங்கள், கைபேசியில் கறுப்பு வெள்ளையில் படம் எடுத்துப் பாருங்கள். முதலில் போட்ட பென்சில் கட்டம் அதில் அப்படியே தெரிந்தால் அமைப்பு நிலைத்திருக்கிறது. தெரியவில்லையென்றால் நடுவில் எங்கோ நடு டோன்கள் பெருகி இருளையும் வெளிச்சத்தையும் தின்றுவிட்டன. அந்த இடத்தைச் சுரண்டி மறுபடி வையுங்கள். ஒரு தீற்றலைச் சேர்க்கும் முன், அது தாளில் எழுதிய சொல்லுக்கு உதவுகிறதா என்று கேளுங்கள். ‘இந்த மூலை காலியாக இருக்கிறதே’ என்பது போதுமான காரணம் இல்லை.

படத்தைத் தூசி படாத, வெளிச்சமுள்ள இடத்தில் காயவிடுங்கள். இருட்டறையில் வைத்தால் ஆளிவிதை எண்ணெய் மஞ்சளாகும். மெல்லிய பகுதிகள் சில நாட்களில் தொடுமளவுக்குக் காயும்; கத்தியால் வைத்த பனி மாதக்கணக்கில் உள்ளே இளகியே இருக்கும். வழக்கமான வார்னிஷுக்கு 6 மாதமாவது பொறுங்கள், தடித்த வண்ணம் என்றால் ஒரு வருடம். பூசும் முன், ஸ்பிரிட்டில் லேசாக நனைத்த பஞ்சால் ஓர் ஓரத்தை ஒற்றிப் பாருங்கள். பஞ்சில் நிறம் ஏறினால் இன்னும் காயவில்லை.